புத்தகம் விற்கும் கடையே அச்சகத்தையும் வைத்திருந்தால்?

கதிர்: ஆர்டர் வந்த பிறகு அச்சிடும் முறையில் நாவல் போடப் போகிறேன். விற்கிற தளத்திலேயே அச்சிடலாமா?

மீனாட்சி: அச்சிடலாம், ஆனால் யோசித்துச் செய்யுங்கள். அமேசான் 2005இல் புக்சர்ஜ் என்ற அச்சு நிறுவனத்தை வாங்கியது. 2008இல், அங்கே அச்சிடாத இவ்வகைப் புத்தகங்களைத் தான் நேரடியாக விற்க முடியாது என்று அமெரிக்கப் பதிப்பகங்களிடம் சொன்னது. பலர் லைட்னிங் சோர்ஸ் என்ற வேறு அச்சகத்தில் அச்சிட்டுக்கொண்டிருந்தார்கள். நான் பக்க வடிவமைப்பு செய்பவள். அச்சகம் மாறினால் தாளின் கனம் மாறும், புத்தக முதுகின் அகலம் மாறும், அட்டையையே திரும்பச் செய்ய வேண்டும். நூறு தலைப்பு இருந்தால் என்ன பாடு!

செல்வம்: அங்கே அச்சிடாவிட்டால், ஒவ்வொரு தலைப்பிலும் ஐந்து பிரதிகளை அமேசானுக்கு முன்கூட்டியே அனுப்பலாம் என்றும் சொன்னார்களே?

மீனாட்சி: கையிருப்பு வேண்டாம் என்பதற்காகத்தானே இந்த முறையே! புக்லாக்கர் என்ற சின்ன நிறுவனம் அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் அமேசான் மீது வழக்குப் போட்டது; பெரிய துணிச்சல். 2010இல் சமரசம் ஆனது.

கதிர்: சரி, இப்போது நான் என்ன செய்ய?

மீனாட்சி: புத்தகத்தின் அடையாள எண்ணான ஐஎஸ்பிஎன் எண்ணை உங்கள் பெயரிலேயே வாங்குங்கள். தளம் இலவசமாகத் தரும் எண்ணை வேறு அச்சகத்தில் பயன்படுத்த முடியாது. அப்புறம், அட்டையின் மூலக்கோப்பு உங்களிடமே இருக்கட்டும்.