மாடும் நாமும் ஒரே வம்சமா? மாமனாருக்கு எப்படிச் சொல்வது?

கேள்வி (காங்கேயம் பக்கம்):
பன்னிரண்டாவது படிக்கும் மகள் பரிணாமப் பாடத்தைப் படித்துவிட்டு, "அப்பாரு, நம்ம மயிலை மாடும் நாமும் ஒரே வம்சமுங்க" என்று தாத்தாவிடம் சொன்னாள். மாமாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. "மாட்டுல இருந்தா மனுசன் வந்தான்? அப்புறம் நமக்கென்ன மரியாதை?" என்கிறார். விடிந்ததும் கட்டுத்தரைக்குப் போய் மயிலையைத் தடவிக் கொடுக்காமல் காப்பி குடிக்காத மனுஷர் அவர். மனம் நோகாமல் எப்படி விளக்குவது?

பதில் (கால்நடை மருத்துவர், தாராபுரம்):
மாட்டிலிருந்து மனிதன் வரவில்லை அம்மா. பங்காளிகள் ஒருத்தர் வயிற்றில் ஒருத்தர் பிறந்தவர்களா? பாட்டன் ஒருவர், அவ்வளவுதான். நமக்கும் மாட்டுக்கும் பொதுவான அந்த முன்னோர் வாழ்ந்து சுமார் 9 கோடி வருஷம் ஆகிறது.

மயிலையின் முன்னங்காலை மாமாவைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். நாம் முட்டி என்பது அதன் மணிக்கட்டு. கீழே இருக்கும் நீள எலும்பு, நம் உள்ளங்கை எலும்புகளில் இரண்டு ஒன்றாகச் சேர்ந்தது. குளம்பு, நடுவிரல் மோதிரவிரல் நகங்கள். பின்னங்காலில் பின்னால் துருத்தி நிற்பது குதிகால். ஈனும்போது கன்று சிக்கிக்கொண்டால் கையை உள்ளே விட்டு, மூட்டு மடங்கும் திசையை வைத்துத்தான் முன்னங்காலா பின்னங்காலா என்று கண்டுபிடிக்கிறோம். நம் கைகாலே வேறு உருவில் இருக்கிறது என்று ஒவ்வொரு முறையும் தோன்றும்.

பதில் (ஆசிரியை, கோபி):
மாட்டோடு நிற்கவில்லை. செல்லுக்குள் டி.என்.ஏ. இழையைச் சுற்றி வைக்கும் ஹிஸ்டோன் எச்4 என்ற புரதத்தில் கோத்த மணிகள் போல 102 அமினோ அமிலங்கள். பசுவுக்கும் பட்டாணிச் செடிக்கும் அதில் 2 இடத்தில்தான் வித்தியாசம். கொறங்காட்டு மேய்ச்சல் புல்லும் நமக்கு உறவுதான்.

கேள்வி கேட்டவர்:
காலைத் தொட்டுப் பார்த்தார், சத்தமே இல்லை. அப்புறம், "பங்காளின்னா ஏர்ல பூட்டலாமா?" என்கிறார்.

மருத்துவர்:
பூட்டலாம். வேலை வாங்குவதில் அவமரியாதை இல்லை, வலியைக் கண்டுகொள்ளாமல் இருப்பதில்தான் இருக்கிறது. பல் பிடுங்க நமக்குப் போடும் லிக்னோகெய்ன் என்ற மரத்துப்போகும் ஊசிதான், கொம்பு வளராமல் இருக்கச் சுடும்போது கன்றுக்கும். அதன் நரம்பும் நம் நரம்பும் ஒரே மாதிரி என்பதால்தான் அந்த மருந்து இரண்டுக்கும் கேட்கிறது. சீமைக் கன்றுக்குக் கொம்பு சுட யார் வந்தாலும், "ஊசி போட்டாச்சா, மரத்துப்போச்சா?" என்று மாமாவையே நின்று கேட்கச் சொல்லுங்கள். ஊசி இல்லையென்றால் சுட விடாதீர்கள்.