வாஷிங் மெஷின் டிரெயின் ஓஸை நீட்டினேன், தண்ணீர் இறங்க மாட்டேன் என்கிறது

கருங்கல்காரன்:
ஏழு கிலோ செமி ஆட்டோமேட்டிக், இரண்டு தொட்டி. பின்பக்கச் சாய்ப்பில்தான் கிடந்தது, ஆனிச் சாரலில் மோட்டார் நனைகிறது என்று அம்மா அடுக்களைக்குள் தள்ளச் சொன்னாள். உள்ளே வைத்தால் டிரெயின் ஓஸ் வாசல்படிக்கே எட்டவில்லை. செடிக்கு விடும் அரை இஞ்சு பச்சை ஓஸ் பத்தடி கிடந்தது, அதை மெஷின் ஓஸுக்குள் செருகி டேப்பை இறுக்கிச் சுற்றி, படியைத் தாண்டித் தென்னை மூட்டுக்கு விட்டேன். இப்போது தொட்டி காலியாக அரை மணி நேரம் ஆகிறது, ஸ்பின்னர் முக்கி முக்கிச் சுற்றுகிறது, டேப் வழியாக அடுக்களையெல்லாம் நுரை. பம்ப் போச்சா? இன்லெட் ஓஸையும் நீட்டணும், அதிலும் இந்தத் தொல்லை வருமா?

குழித்துறை பிளம்பர்:
பம்ப் இருந்தால்தானே தம்பி கெடும்? இந்த வகை மெஷினில் தண்ணீர் தானாகப் பள்ளம் பார்த்து இறங்குவதுதான். படி எவ்வளவு உயரம்?

கருங்கல்காரன்:
ஆறு இஞ்சு இருக்கும் அண்ணே.

குழித்துறை பிளம்பர்:
அங்கேதான் சங்கதி. படியை விடத் தாழ்ந்து நிற்கும் தண்ணீர் வெளியே போகவே போகாது, திரும்பி ஸ்பின் தொட்டிக்கு அடியில் ஏறி கூடையைப் பிடித்து நிறுத்தும். அப்படியே ஓட்டினால் மோட்டார் சூடாகும், ஓட்டாதே. அப்புறம் அந்தப் பச்சை ஓஸ். மெஷின் ஓஸ் ஒரு இஞ்சு, இது அரை இஞ்சு என்றால் பாதி வழி இல்லை, கால் பங்குதான், அதிலும் துணி நூல் போய் அடைக்கும். படிக்குப் பக்கத்தில் தரை மட்டத்தில் சுவரைத் துளைத்து 40 எம்எம் பிவிசி குழாய் போடு, மீட்டருக்கு இரண்டு சென்டிமீட்டராவது சரிவு வேண்டும். மெஷின் ஓஸை அதற்குள் சும்மா நுழைத்து வை, டேப் சுற்றாதே, காற்று போக இடம் வேண்டும். இன்லெட் விஷயத்தில் பயமே இல்லை, டேங்க் மேலே இருக்கிறது, எவ்வளவு நீட்டினாலும் கொஞ்சம் மெதுவாக நிறையும், அவ்வளவுதான். குழாய் மாட்டும் இடத்தில் கிளிப் போட்டு முறுக்கு.

தக்கலை அக்கா:
ஓஸை நீட்டுகிறவர்கள் கரண்டு வயரையும் நீட்டுவார்கள். ஜங்ஷன் பாக்ஸைத் தரையில் போட்டுவிடாதே மக்கா, ஈரத்தரை.

கருங்கல்காரன்:
சுவரைத் துளைத்துவிட்டேன், மூன்று நிமிஷத்தில் தொட்டி காலி, ஸ்பின்னரும் பழைய வேகம். ஆனால் ராத்திரி அந்தக் குழாய் வழியாகத் தவளை அடுக்களைக்குள் வருகிறது. வலை கட்டினேன், இரண்டே நாளில் நூல் அடைத்துக்கொண்டது. இப்போது துவைத்து முடிந்ததும் அம்மா வெளிவாயில் ஒரு சிரட்டையை மூடி, மேலே கல்லை வைத்துவிடுகிறாள்.