மூணு புல்லட்டை உடைச்சு ஒரு இன்ஜின் பண்றேன், கிராங்க் இறுகுது. உதவி வேணும்

டப்டப்74:
எல்லாருக்கும் வணக்கம். அப்பாவோட 74 மாடல் 350 புல்லட், பிரைமரி செயின் அறுந்து லெஃப்ட் பக்க கிராங்க் கேஸைக் (கிராங்க் உள்ள சுத்துற ரெண்டு பாதி பெட்டி) கிழிச்சிடுச்சு. வெல்டிங் வேணாம்னு கோயம்புத்தூர் உக்கடத்துல பழைய சாமான் கடைல ஒரு லெஃப்ட் பாதி மட்டும் வாங்கினேன், அது எந்த வருஷத்து வண்டின்னு கடைக்காரருக்கே தெரியல. ஃப்ளைவீல் செட், அதாவது கிராங்க், 90கள்ல வந்த வேற ஒரு 350ல இருந்து, புது ராட் (பிஸ்டனையும் கிராங்க்கையும் சேக்குற தண்டு), புது பிக் எண்ட் (ராடோட கீழ் பேரிங்) போட்டு பிரஸ் பண்ணது. ரைட் பாதி, பிளாக், ஹெட் எல்லாம் நம்ம வண்டியோடதே. இப்ப பிரச்சினை என்னன்னா நட்டெல்லாம் கையால திருகுற வரைக்கும் கிராங்க் பட்டு மாதிரி சுத்துது, ஸ்பேனர் போட்டு இறுக்க இறுக்க கனமாகி கடைசில ரெண்டு கையாலயும் சுத்த முடியல. மெக்கானிக் அண்ணன் "புது பேரிங் தம்பி, ஓட ஓட லூஸ் ஆயிடும்"ங்குறார். எனக்கு மனசு ஒப்பல. அப்படியே மூடிடலாமா?

ஒத்தை சிலிண்டர்:
மூடாத ப்ரோ. ஓட ஓட லூஸ் ஆகும்னா பேரிங் சாகுதுன்னு அர்த்தம். கிராங்க்கை சென்டர்ல மாட்டி டயல் (ஆட்டத்தை அளக்குற கேஜ்) வச்சுப் பாத்தியா? பிரஸ் பண்ணவன் சரியா நேர் எடுக்கலன்னாலும் இப்படித்தான் பிடிக்கும்.

டப்டப்74:
பாத்தேன் ப்ரோ, லேத்துல சென்டர்ல போட்டு ரெண்டு பக்க ஷாஃப்ட்டும் பாத்தது, 0.03 எம்எம் தான் ஆடுது.

ஒத்தை சிலிண்டர்:
அப்ப கிராங்க் மேல பழி போட முடியாது. இறுக்கம் ஒரு சுத்துல ஒரு எடத்துல மட்டும் வருதா, இல்ல முழு சுத்துக்கும் ஒரே மாதிரி கனமா இருக்கா?

டப்டப்74:
முழுசும் ஒரே மாதிரி.

பழைய டர்னர்:
தம்பி, 30 வருஷம் லேத்துல நின்னவன் சொல்றேன், குத்தம் நீ உக்கடத்துல வாங்கின பாதில இருக்கு. கிராங்க் கேஸ் ரெண்டு பாதியும் தனித்தனியா வார்த்தாலும் பேரிங் குழி, பிளாக் உக்கார்ற மேல் முகம், பின்னாடி கியர் பாக்ஸ் மாட்டுற முகம் இதையெல்லாம் ரெண்டையும் சேத்து போல்ட் போட்டுட்டுத்தான் கடைசியா வெட்டுவாங்க. அதனால ஒரு பாதிக்கு அதோட ஜோடி மட்டும்தான் சேரும். ஜோடி மாத்தினா ரெண்டு பக்க பேரிங்கும் ஒரே கோட்டுல நிக்காது. புல்லட்டுல டைமிங் பக்கம், அதாவது ரைட்ல, ரோலர் ஒண்ணு, ட்ரைவ் பக்கம், அதாவது லெஃப்ட்ல, ரெண்டு பேரிங் வேற, அந்தப் பக்கம் கொஞ்சமும் வளைஞ்சு குடுக்காது. லூசா இருக்கும்போது பாதி ரெண்டும் தனக்குத் தோதா நகந்துக்கும், இறுக்கினதும் பிடிச்சுக்கும். சிலதுல அடில ரெண்டு பாதிலயும் ஒரே சின்ன நம்பர் அடிச்சிருக்கும், அதையும் பாரு.

ஆனா அவசரப்பட்டு வெட்டிடாத, முதல்ல ஒரு சோதனை. ரெண்டு பாதிக்கும் நடுவுல அரை எம்எம் பேப்பர் பேக்கிங் வெட்டி வச்சு இறுக்கிப் பாரு. லூஸ் ஆச்சுன்னா கிராங்க்குக்கு பக்கவாட்டு ப்ளே (நகர இடம்) பத்தல, ஷிம் (மெல்லிசு வாஷர்) கணக்குல சரி பண்ணிடலாம். அப்பயும் பிடிச்சா கோடு தப்பு. சோதனை முடிஞ்சதும் பேப்பரை எடுத்துடு, புல்லட்டுக்கு அந்த எடத்துல பேக்கிங்கே கிடையாது, பேஸ்ட் மட்டும்தான்.

நாமக்கல் 500:
நானும் கேஸ் ஜோடி மாத்தி போட்டு 8000 கிலோமீட்டர் ஓட்டிட்டேன், ஒண்ணும் ஆகலயே. இவ்ளோ பயப்படணுமா? அதுக்குப் பதிலா கேஸ் வாயைப் பெருசு பண்ணி 500 பிளாக் ஏத்திடு தம்பி. ஸ்ட்ரோக் ரெண்டுக்கும் அதே 90 தான், போர் மட்டும் 70க்கு பதிலா 84, 346 சிசி 499 ஆயிடும்.

பழைய டர்னர்:
உங்களுக்கு சீட்டு விழுந்திருக்கு சார், எல்லாருக்கும் விழாது. 500 பிஸ்டனோட எடை வேற, 350 ஃப்ளைவீல் பேலன்ஸ்ல அதை மாட்டினா கையெல்லாம் மரத்துப் போற மாதிரி ஆட்டும். கிராங்க்கே சுத்தாதவன்கிட்ட 500 பேச்சு எதுக்கு.

டப்டப்74:
அண்ணே நீங்க சொன்னதுதான். பேப்பர் வச்சும் அதே இறுக்கம். அப்புறம் கிராங்க்கை எடுத்துட்டு காலி கேஸை மட்டும் மூடி பிளாக் உக்கார்ற எடத்துல நேர் பட்டை வச்சுப் பாத்தா லெஃப்ட் பாதி 0.3 எம்எம் மேல நிக்குது, விரல் நகத்துலயே தட்டுப்படுது. இத்தனை நாள் எப்படிப் பாக்காம விட்டேன்னு தெரியல. அடி நம்பரும் வேற வேற. கேஸை தூக்கிப் போடணுமா?

பழைய டர்னர்:
ஜோடியா கேஸ் கிடைச்சா அதுதான் நிம்மதி. கிடைக்கலன்னா ரைட் பாதியத் தொடாத, அதுதான் அளவு. லெஃப்ட் பேரிங் குழியைப் பெருசா போர் பண்ணி ஸ்டீல் ஸ்லீவ் (உள் வளையம்) இறக்கு, கேஸை சூடு பண்ணி இறக்கணும், சுத்தியல் எடுத்தா கையை ஒடிப்பேன். அப்புறம் ரெண்டையும் மூடி ஃபுல்லா இறுக்கிட்டு ரைட் குழியைப் பிடிச்சுக்கிட்டு அதே செட்டிங்ல ஸ்லீவை போர் பண்ணணும், கழட்டி மாட்டினா போச்சு. மேல் முகத்துல லெஃப்ட்டை மட்டும் ரைட் லெவலுக்கு இறக்கு, பிளாக் இறங்குற வாயையும் கியர் பாக்ஸ் முகத்தையும் பாத்துக்கோ. சின்ன லேத்துல ஆகாது, போரிங் மிஷின் இருக்குற பட்டறையா பாரு, கோயம்புத்தூர்ல அதுக்குப் பஞ்சமில்ல.

இன்னொண்ணு, எண்ணெய் டேங்க் கேஸோட பின்பக்கத்துலயே இருக்கு, அதுவும் ரெண்டு பாதி சேர்ந்துதான். மூடுறதுக்கு முன்னாடி டேங்க் சுவரு முழுசா ஒட்டுதான்னு மை தடவிப் பாரு, இல்லன்னா நிறுத்தின எடமெல்லாம் எண்ணெய்.

ஒத்தை சிலிண்டர்:
மறுபடி மாட்டும்போது டைமிங் பக்க வோர்ம் நட்டு (எண்ணெய் பம்பை ஓட்டுற திருகுப் பல் நட்டு) லெஃப்ட் த்ரெட், அதாவது எதிர்ப்பக்கம் திருகணும், மறந்துடாத. நான் மறந்து ஷாஃப்ட் நுனியையே தின்னுட்டேன்.

டப்டப்74:
மூணு வாரம் கழிச்சு வரேன், மன்னிக்கணும், போரிங் பட்டறைல வேலை லேட். ஸ்லீவ் போட்டாச்சு, எல்லா நட்டும் இறுக்கின பிறகும் ஒத்தை விரல்ல கிராங்க் சுத்துது!! கான்டாக்ட் பாயின்ட் இடைவெளி 0.38 எம்எம் வச்சு, பிஸ்டன் டாப்புக்கு வர 0.8 எம்எம் முன்னாடி ஸ்பார்க் வர்ற மாதிரி டைமிங் வச்சேன், ஆறாவது கிக்ல எந்திரிச்சுது. ராக்கர் பைப் போல்ட்டை லூஸ் பண்ணிப் பாத்தேன், எண்ணெய் வருது. இப்ப ரெண்டு கேள்வி மட்டும். டேப்பெட் பக்கம் டிக் டிக்னு சத்தம், அப்புறம் லெஃப்ட் பாதில இருக்குற இன்ஜின் நம்பர் ஆர்சில இல்லாத நம்பர், என்ன பண்றது?

பழைய டர்னர்:
சத்தத்துக்கு, இன்ஜின் ஆறினப்புறம் புஷ் ராடை (டேப்பெட்டுக்கு மேல வால்வைத் தள்ளுற கம்பி) விரலால சுத்திப் பாரு, சுத்தணும், மேல கீழ ஆடக் கூடாது, அதான் கணக்கு.

ஒத்தை சிலிண்டர்:
நம்பர் விஷயத்துல விளையாடாத ப்ரோ. பழைய நம்பரை புதுசுல வெட்டுறேன்னு எவனாவது சொன்னா ஓடிடு, திருட்டு கேஸாயிடும். வாங்கின பில் இருக்கா? பில்லை வச்சு ஆர்டிஓல எழுதிக் குடுத்து ஆர்சில ஏத்திக்கோ. உடைஞ்ச பழைய பாதியையும் எடைக்குப் போட்டுடாத, கேட்டா காட்டணும்.

டப்டப்74:
பில்லா, உக்கடத்துலயா... நாளைக்கு மறுபடி போய் அந்தக் கடைக்காரர்கிட்ட நிக்கிறேன்.