கேட்காமலே உள்பரிசோதனை: அடுத்து எங்கே புகார் கொடுப்பது?

வணக்கம் தோழிகளே. என் தங்கைக்கு மூன்று மாதம் முன்பு தென்மாவட்ட அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை ஒன்றில் சுகப்பிரசவம். முதல் குழந்தை. இரவு 11 மணியிலிருந்து விடியற்காலை 4-க்குள் ஆறு பேர் அவளுக்கு உள்பரிசோதனை (பிறப்புறுப்புக்குள் விரல் விட்டு கர்ப்பப்பை வாய் எவ்வளவு திறந்திருக்கிறது என்று பார்ப்பது) செய்திருக்கிறார்கள், பெரும்பாலும் மாணவர்கள். ஒருவர்கூட பெயர் சொல்லவில்லை, "பார்க்கலாமா அம்மா?" என்று கேட்கவில்லை. திரையும் இழுத்து மூடவில்லை. வலிக்கிறது என்று கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு காலை ஒடுக்கியவளை, "ஒத்துழைக்க மாட்டியா?" என்று அதட்டியிருக்கிறார்கள். இப்போது தையல் பார்க்கக்கூட ஆஸ்பத்திரிக்கு வர மறுக்கிறாள்.

சாதாரணப் பிரசவ வலியில் 4 மணி நேரத்துக்கு ஒரு முறை பார்த்தால் போதும் என்று உலக சுகாதார நிறுவனம் 2018-லேயே சொல்லிவிட்டது. மாணவர்கள் கற்க வேண்டும்தான், சரி. அதற்காக அவளிடம் ஒரு வார்த்தை கேட்கக் கூடாதா?

கண்காணிப்பாளரிடம் மனு கொடுத்தோம், பதில் இல்லை. கேஸ் ஷீட் (சிகிச்சைக் குறிப்புகள்) நகல் கேட்டோம். இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002 விதிப்படி 72 மணி நேரத்தில் தர வேண்டும். டிஸ்சார்ஜ் சம்மரி மட்டும் கொடுத்தார்கள். அப்புறம் தகவல் உரிமை மனு போட்டோம், 40 நாள் ஆகிவிட்டது.

மருத்துவர்களின் பெயர் தெரியாத நிலையில், மாநில மருத்துவக் கவுன்சில், மகளிர் ஆணையம், மனித உரிமை ஆணையம் இவற்றில் முதலில் எங்கே புகார் கொடுக்க வேண்டும்?