என்னை நானே படம் எடுக்கிறன், ஆனா அதில நான் இல்லாத மாதிரியே இருக்கு

கிணத்தடி:
எல்லாருக்கும் வணக்கம். இப்ப இருக்கிறது திருகோணமலை டவுன்ல, சொந்த ஊர் சம்பூர். 2006ல சண்டையால இடம்பெயரேக்க எனக்கு 6 வயசு. அம்மா ஒரு கையில தம்பி, மற்றக் கையில பத்திரங்கள் போட்ட சொப்பிங் பேக், அவ்வளவுதான் கொண்டு வந்தவ, அல்பம் எல்லாம் அலுமாரியோட போச்சு. 2016ல திரும்பிப் போய்ப் பாத்தா வீடே இல்ல. அதால என்ர சின்ன வயசுப் படம் ஒண்டுகூட இல்ல. எங்களிட்ட இருக்கிற என்ர முதல் படமே 16 வயசில ஐசிக்கு (அடையாள அட்டைக்கு) எடுத்ததுதான். ஸ்டூடியோக்காரர் நாடியைப் பிடிச்சு நிமித்தி, ரெண்டு காதும் தெரியோணும், சிரிக்கக் கூடாது, அசையக் கூடாது எண்டு சொல்லி எடுத்தது.

இப்ப ஆறு மாசமா ஞாயிற்றுக்கிழமையில ஃபோனை அரிசி வாளிக்கு மேல சாத்தி வச்சு டைமர் போட்டு என்னை எடுக்கிறன். லைக் வாங்கிறதுக்கில்ல, ஒருத்தருக்கும் காட்டினதும் இல்ல. நான் ஆரெண்டு எனக்குத் தெரியோணும் போல இருக்கு. ஆனா எல்லாப் படத்திலயும் அந்த ஐசி முகம்தான், வாய் இறுக்கம், கண் நேர. டச் பே கடற்கரையில காத்தில முடி பறக்கப் பறக்க எடுத்தன், அதிலயும் அதே முகம். இத எப்பிடி மாத்திறது? ஆராவது இப்பிடி எடுத்துப் பாத்திருக்கிறீங்களா?

கல்யாண கமரா:
தங்கச்சி, 14 வருசமா டவுன்ல கல்யாண வீடுகளுக்குப் படம் எடுக்கிறன். கமராவைக் கண்டா எங்கட சனம் மூச்சைப் பிடிச்சுக்கொண்டு நிக்கும், நீங்க மட்டும் இல்ல.

முதல்ல முன் கமராவை விடுங்கோ. அதில திரையில தெரியிறது கண்ணாடியில தெரியிற மாதிரி இடம் வலம் மாறின முகம், அதைப் பாத்துக்கொண்டு நீங்களே முகத்தைத் திருத்துவீங்கள். கிட்ட வச்சு எடுத்தா மூக்கும் பெரிசாத் தெரியும். பின் கமராவால, ஒரு ஆறடி தள்ளி வச்சு, காலமை எட்டு மணிபோல யன்னல் வெளிச்சம் ஒரு பக்கத்தால விழுற இடத்தில எடுங்கோ. திரை உங்களுக்குத் தெரியக் கூடாது. சில ஃபோன்ல சில செக்கனுக்கு ஒருக்கா தானா எடுக்கிற மாதிரி வைக்கலாம், அதைப் போட்டுட்டு சும்மா இருக்காம தேங்காய் துருவுங்கோ, முடி பின்னுங்கோ. இருபதாவது படத்துக்குப் பிறகுதான் உடம்பு கமராவை மறக்கும்.

இன்னொண்டு சொல்லோணும். சாமுவேல் ஃபோசோ எண்டு படம் எடுக்கிற ஒருத்தர். சின்னனில சுகமில்லாததால அவருக்கும் குழந்தைப் படம் இல்ல, நைஜீரியாவில நடந்த பியாஃப்ரா போருக்குள்ளால வந்த பிள்ளை. மத்திய ஆபிரிக்கக் குடியரசில, பாங்குயில, 1975ல 13 வயசில ஸ்டூடியோ போட்டவர். பகல்ல சனத்தை எடுத்துப்போட்டு ரோல்ல மிஞ்சின ஃபிலிம்ல தன்னைத்தானே எடுத்து நைஜீரியாவில இருந்த அம்மம்மாவுக்கு அனுப்பினவர், பேரன் நல்லா இருக்கிறான் எண்டு காட்ட. உங்கட கேள்வியை வாசிச்ச உடன அவர்தான் நினைவில வந்தார். நீங்களும் ஆருக்கு அனுப்பிறதெண்டு நினைச்சு எடுத்துப் பாருங்கோ, முகம் மாறும்.

கிண்ணியா நிழல்:
நான் முகம் எடுக்கிறதே இல்ல. எனக்கு அது விருப்பமில்ல, வீட்டிலயும் விருப்பமில்ல. பின்னேரம் அஸர் தொழுதிட்டு கிண்ணியாப் பாலத்தில நடக்கிற நேரம் என்ட நிழல் நீளமா விழும், அதை எடுப்பன், பாலத்துக் கம்பி நிழலும் சேந்து விழும். மூணு வருசப் படங்களை வரிசையாப் பாத்தா நான் நடக்கிற விதமே மாறியிருக்கு, முந்தி தலையைக் குனிஞ்சுதான் நடந்திருக்கன். முகத்தில அது எனக்குத் தெரிஞ்சிருக்காது.

விவியன் மையர் எண்டு சிக்காகோவில புள்ள பார்க்கிற வேலை செஞ்ச பொம்புளை ஒருத்தி. தன்ட நிழலையும் கடைக் கண்ணாடியில விழுற தன்ட உருவத்தையும் எத்தனையோ தரம் எடுத்து வச்சவ. 2007ல அவட பெட்டிகள் ஏலத்துக்குப் போன பிறகுதான் வெளியில தெரிஞ்சது. கனக்க ரோல் கழுவாமயே கிடந்திச்சாம். ஒருத்தருக்கும் காட்டாம எடுக்கிறது ஒரு குறையில்ல தங்கச்சி, முகத்தையே தேடாதீங்க, கையை எடுங்க, காலை எடுங்க.

உப்புவெளி:
ரெண்டு பேர் சொன்னதும் சரி, ஆனா எனக்கு மற்ற வழிதான் சரிவந்தது. வேற ஆளா மாறி எடுக்கிறது. சிண்டி ஷெர்மன் எண்டு அமெரிக்காவில படம் எடுக்கிற ஒருத்தி, 1977ல இருந்து 1980 வரைக்கும் விதம் விதமான பொம்பிளையளா வேசம் போட்டுத் தன்னை எடுத்தவ, அதுகளைத் தன்ர முகப்படம் எண்டே அவ சொல்றேல்ல. நான் அப்பாட சாரத்தையும் சேட்டையும் போட்டு எடுத்தன், அப்பா செத்து அப்ப ஒரு வருசம். அதில நிண்ட விதம் அப்படியே அவர். நாலு நாள் அந்தப் படத்தைத் திறக்கேல்ல.

கிணத்தடி:
எல்லாருக்கும் சரியான நன்றி. உப்புவெளி, உங்கட வசனத்தை ரெண்டு தரம் வாசிச்சன்.

போன ஞாயிறு சம்பூருக்குப் போனனாங்கள். பழைய வளவில மிஞ்சினது கிணறு ஒண்டுதான். கிணத்துக் கட்டில ஃபோனை வச்சு, அண்ணா சொன்ன மாதிரி தானா எடுக்க விட்டுட்டு தண்ணி அள்ளினன். அம்மா இதொண்டும் தெரியாம வந்து என்ர நெத்தி வியர்வையைச் சீலைத் தலைப்பால துடைச்சவ. மொத்தம் 63 படம், அதில ஒண்டில அம்மாட கை பாதி முகத்தை மறைச்சிருக்கு, என்ர கண் மூடியிருக்கு, வாய் திறந்திருக்கு, "அம்மா தள்ளுங்கோ" எண்டு கத்திறன். வாளித் தண்ணி சட்டையில தெறிச்ச ஈரம்கூடத் தெரியுது.

அதை அம்மாட்டக் காட்டினன். கனநேரம் பாத்துக்கொண்டிருந்துட்டு, இது உன்ர அம்மம்மாட வாய் எண்டவ. அம்மம்மாட படமும் அந்த அல்பத்திலதான் இருந்தது, நான் அவவைக் கண்டதே இல்ல. நாளைக்கு ஸ்டூடியோவுக்குப் போய் ரெண்டு கொப்பி அடிப்பிக்கப் போறன், ஒண்டு அம்மாவுக்கு.