நங்கூர மோட்டார் நின்றுவிடுகிறது: ஃபகராவாவிலிருந்து உதவி வேண்டும்

பிரெஞ்சு பாலினேசியாவின் ஃபகராவா பவளத்தீவில் பாய்மரப் படகில் இருக்கிறோம். நங்கூரம் இழுக்கும் மோட்டார் (12 வோல்ட், 1000 வாட்) சென்ற வாரம் முதல் சங்கிலியின் பாரம் ஏறியதும் நின்றுவிடுகிறது. ரிலே (மோட்டாருக்கு மின்சாரத்தைத் திறந்துவிடும் சுவிட்ச்) 'டக்' என்கிறது, அவ்வளவுதான். பேட்டரி 12.6 வோல்ட் காட்டுகிறது. மின்முனைகளைச் சுரண்டித் துடைத்தாயிற்று. ரிலேயைத் தவிர்த்து நேரடியாக இணைத்தும் பலனில்லை. மோட்டாரைத் திறந்தால் உள்ளே ஒரே கரித்தூள். கார்பன் பிரஷ் (மோட்டாரின் சுழலும் பகுதிக்கு மின்சாரம் கொடுக்கும் கரித்துண்டு) ஒன்று ஸ்பிரிங் எட்டாத அளவுக்குத் தேய்ந்திருக்கிறது.

தென்கிழக்குக் காற்று வலுத்தால், பவளப்பாறைகளுக்கு நடுவே கிடக்கும் 50 மீட்டர் சங்கிலியைக் கையால் இழுத்துக் கிளம்புவது ஆபத்து. உதிரிபாகம் கிடைக்கும் தாஹிட்டித் தீவின் பபீட்டே நகரம் சுமார் 450 கி.மீ. தொலைவு.

இங்குள்ள ரோட்டோஆவா கிராமத்து முத்துப் பண்ணைக்காரர் ஒருவர், நாங்கள் கேட்காமலேயே தம் பழைய படகு எஞ்சினின் ஸ்டார்ட்டரிலிருந்து பிரஷ்களைக் கழற்றித் தந்தார். நல்ல மனிதர். ஆனால் அவை சற்றுப் பெரியவை.

அவற்றை அரத்தால் ராவி அளவாக்கிப் பொருத்தினால், பபீட்டே சேரும்வரை மோட்டார் தாங்குமா?