காப்புறுதிக் கிளைம்கள் திரும்பி வருகின்றன, வழி சொல்லுங்கள்

கிளிநொச்சியில் ஒரு சின்னத் தனியார் ஆஸ்பத்திரிக் கவுண்டரில் வேலை செய்கிறேன். தை மாதத்திலிருந்து 11 காப்புறுதிக் கிளைம்கள் திரும்பிவிட்டன. ஏழில் அடையாள அட்டைதான் பிரச்சினை: பொலிசியில் பழைய 9 இலக்கமும் ‘வி’ எழுத்தும், ஆட்கள் கொண்டுவருவது புதிய 12 இலக்க அட்டை. மற்றவை பெயர்க் குழப்பம். ஒரு ஐயாவின் முதலெழுத்து பொலிசியில் ‘எஸ்’, எங்கள் பில்லில் ‘சி’!

அட்டையின் இரு பக்கமும் கொப்பி எடுத்தேன், பொலிசியை வாட்ஸ்அப்பில் கேட்டேன். அட்மிஷனுக்கு முதல் நிறுவனத்துக்குக் கோல் எடுத்தால், நாலரைக்குப் பிறகு பதில் இல்லை. எங்கள் சனம் வருவதே வயலால் வந்த பிறகுதான்.

இரண்டு இலக்கமும் ஒரே ஆளுடையவை என்று காட்ட, அட்மிஷன் அன்றே நீங்கள் என்ன ஆவணம் வாங்கி வைக்கிறீர்கள்?